மாடியிலிருந்து ஒரு வரி

கேசரே, மைசூரு
9 ஜூன் 2025

பெங்களூரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாதம்மாவுக்கு,

பஞ்சவர்ணம் எழுதுவது. இங்கே நான், வீட்டுக்காரர், மகள் மனிஷா, ஓட்டின் மேல் ஏறிக் கத்துகிற பூனை எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பூனைதான் உன்னைவிட நன்றாகப் பாடுகிறது, இப்போதைக்கு.

நேற்று உனக்குப் போன் போட்டேன். உன் மகன் மனோஜ்குமார் எடுத்தான். "அம்மாவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்குங்க அத்தை. டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டார். முணுமுணுக்கக்கூட கூடாதாம்" என்றான். முதலில் எனக்குத் திக்கென்றது. பயப்பட ஒன்றுமில்லை, ஒரு சின்னக் கட்டி, எடுத்தாயிற்று என்று அவன் சொன்ன பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே புள்ளே. உன் வாயை மூட மேஸ்திரியால் முடியவில்லை, கட்டினவரால் முடியவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் முடித்துவிட்டார். அந்தக் கைக்கு ஒரு மாலை போட வேண்டும்.

போனில் பேச முடியாதவளுக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். "செல்லுல எழுதிப் போடும்மா" என்கிறாள் மனிஷா. அந்தக் கண்ணாடியில் நான் விரல் வைத்தால் மூன்று எழுத்து சேர்ந்து விழுகிறது. சிமெண்டில் ஊறின விரல். அதனால் பேனா. நம் ஊர் கோபிநத்தத்திலிருந்து நம் இரண்டு பேரையும் மேட்டூர்ப் பக்கம் உன் மாமன் வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்களே, நான் நாலாவதோடு நின்றேன், நீ எட்டாவதோடு. அந்த நாலாவதுக்கு இன்றைக்குத்தான் ஒரு உபயோகம் வந்திருக்கிறது. மனிஷாவுக்கு எழுத்தெல்லாம் கன்னடம்தான். ஆகவே நம் ரகசியம் பத்திரம்.

உன்னைப் பற்றி நினைத்தால் எனக்கு எப்போதும் அந்தக் கொள்ளேகால் கல்யாணம்தான் ஞாபகம் வரும். நீ ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்த புதிது. மினுமினுப்பான இரவல் சேலை, இடுப்பில் நாலு ஊக்கு. பெரிய பெரிய பாட்டுக்காரிகள் குரலில் எல்லாம் அப்படியே பாடிக்கொண்டிருந்தாய். திடீரென்று கரண்டு போய்விட்டது. மைக் செத்தது, கீபோர்டு செத்தது. நீ மட்டும் நிறுத்தவில்லை. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை நீ பாடினதெல்லாம் வேறு யார் யாரோ குரல். கரண்டு போன பிறகு வந்ததுதான் உன் குரல். நான் பின்னால் கை கழுவும் இடத்தில் நின்று பார்த்தேன். என் கூடச் சிமெண்டுச் சட்டி தூக்கின கழுதையா இது என்று வாயைப் பிளந்தவள், குழாயை மூட மறந்து காலெல்லாம் நனைந்து போனேன்.

பேசாமல் இரு. ஆனால் எழுது.

உன் மேல்கை,
பஞ்சவர்ணம்


பெங்களூரு
20 ஜூன் 2025

அன்பான பஞ்சுவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்துவிட்டேன். சிரிக்கவும் கூடாதாம். மனோஜ் ஓடி வந்து கையால் என் வாயைப் பொத்தினான். இனிமேல் கடிதம் எழுதினால் சிரிப்பில்லாமல் எழுது, இல்லாவிட்டால் டாக்டருக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

நாள் முழுக்க ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். "காபி." "ஃபேன் போடு." "அந்தப் பாட்டை நிறுத்து." இவ்வளவுதான் என் வாழ்க்கை. பேசாமல் இருக்கும்போது காது பெரிதாகிவிடுகிறது. எதிர் வீட்டு மிக்ஸி எந்தச் சுருதி என்று எனக்கு இப்போது தெரியும்.

கல்யாணத்துக்கு வந்தேன், பின்னால் நின்றேன் என்கிறாய். எல்லாக் கச்சேரிக்கும் வருகிறாய், எல்லாவற்றிலும் பின்னால்தான் நிற்கிறாய். ஒரு தடவையாவது மேடைக்குப் பின்புறம் வந்து என்னைப் பார்த்திருக்கிறாயா? முடிந்த பிறகு ஆள் அனுப்பித் தேடுவேன். "சிமெண்டுக் காலோட ஒரு அம்மா நின்னாங்க, போயிட்டாங்க" என்பார்கள். இது என்ன பழக்கம்?

மற்றபடி சுகம். தொண்டை மட்டும் யாரோ கடன் கொடுத்தது போல் இருக்கிறது.

அன்புடன்,
மோகனப்ரியா


கேசரே
29 ஜூன் 2025

மகாராணி மோகனப்ரியா அவர்களின் சமூகத்துக்கு,

என்னிடமே மோகனப்ரியா என்று கையெழுத்துப் போடுகிறாயே, ஆட்டோகிராஃபா? சட்டம் போட்டு மாட்டிவிடட்டுமா? வளைவும் சுழியும் பார்த்தால் ரங்கோலி மாதிரி இருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில். மேடைக்குப் பின்னால் வர எனக்குக் கால் வரவில்லை. கூச்சம்தான். அங்கே நீ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய், சுற்றி நாலு பேர் நிற்பார்கள். நான் வந்தால் "யார் நீங்க?" என்று கேட்பார்கள். என்ன சொல்வது? தூரத்திலிருந்து பார்த்தால் நீ முழுசாக என்னுடையவள். நீயும்தான் மைசூருக்கு எத்தனை தடவை வந்தாய், ஒரு தடவை கேசரேப் பக்கம் கார் திரும்பவில்லையே. சரி, கணக்குத் தீர்ந்தது.

நீ ஏறினது ஒரு படியா இரண்டு படியா, மாதம்மா? ஆர்க்கெஸ்ட்ரா விட்டு நீயே பாட்டுக் கட்ட ஆரம்பித்தாய். மாதேஸ்வரன் மலை பஸ்ஸில் டிரைவர் உன் கன்னட பக்திப் பாட்டு கேசட்டைப் போட்டார். நான் பக்கத்து சீட்டுக்காரியிடம், "இது நம்ம புள்ள பாட்டு, எங்கூடத்தான் வேலை பார்த்தா" என்றேன். அவள், "ஹௌதா, அப்படியா? டிரைவர் நம்ம சித்தப்பா மகன்" என்றாள். அவளும் பொய் சொல்லவில்லையோ என்னவோ.

அப்புறம் சினிமா. கதாநாயகியின் அம்மா சாகும்போது பின்னால் "ஆ... ஆ..." என்று ஒரு குரல் வருமே, அது நீதான் என்று சொன்னாய். என் கூட வேலை பார்க்கிற செட்டு மொத்தத்தையும் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். அந்த அம்மா மூச்சை விட்டாள், உன் ஆலாபனை வந்தது. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். விசில்கூட அடித்தாள் கௌரம்மா. முன்னால் அழுதுகொண்டிருந்தவர்கள் எங்களை அடிக்க வந்துவிட்டார்கள்.

எலெக்‌ஷன் நேரத்தில் இரண்டு கட்சிக்கும் ஒரே மெட்டைக் கொடுத்தாயே, மறந்துவிடுவேனா? ஹனூரில் ஒரு முக்கில் இரண்டு கட்சி மைக் ஆட்டோவும் நேருக்கு நேர் வந்து நின்றுவிட்டன. ஒன்று "ஓட்டுப் போடு" என்கிறது, இன்னொன்றும் அதே ராகத்தில் "ஓட்டுப் போடு" என்கிறது. சண்டைக்கு வந்தவர்கள் கேட்டுக்கொண்டே தாளம் போட ஆரம்பித்துவிட்டார்களாம். நீ ஒருத்திதான் அந்த ஊரில் சமாதானம் பண்ணினது.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், இன்றைக்கு ஊருக்கு மேற்கே போகாதியில் ஒரு வீட்டுக்குக் கூரை காங்கிரீட் போட்டோம். புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு வரிசைச் சட்டம் சொல்லிக்கொடுத்தேன். சாரத்தின் மேல் நிற்கிறவள் மேல்கை, அவளுக்குச் சட்டி ஏற்றிக் கொடுக்கிறவள் கீழ்க்கை. மேல்கைக்காரி கேலியாக ஒரு வரி பாடிக் கீழே போட்டால், அடுத்த சட்டி கையைக் கடந்து போவதற்குள் கீழ்க்கைக்காரி எசப்பாட்டுப் பாடி மேலே அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்கு டீத்தூக்கு அவள் கையில். எல்லோருக்கும் அவள்தான் ஊற்ற வேண்டும். "யாருக்காவது டீ ஊத்தாத கீழ்க்கைக்காரி இருக்காளாக்கா?" என்று கேட்டது அந்தப் பெண்.

"ஒருத்தி இருந்தா. ஒரு நாளும் தோத்ததில்ல. ஒரே ஒரு தடவை தோத்தா, அதுக்கும் டீ ஊத்தாம காரேறிப் போயிட்டா" என்றேன்.

ஞாபகம் இருக்கிறதா? நீ ஏன் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை? சும்மா கேட்கிறேன்.

உன் மேல்கை,
பஞ்சவர்ணம்


பெங்களூரு
25 ஜூலை 2025

பஞ்சுவுக்கு,

ஞாபகம் இருக்கிறதா என்றா கேட்கிறாய்.

ஆர்க்கெஸ்ட்ரா சுப்பையாவின் வீட்டுக்குத்தான் அன்றைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தோம். நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பாடியதை அவர் கீழே நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிவதற்குள், பாட வருகிறாயா என்று என்னைக் கேட்டார், நான் சரி என்றேன், காரில் ஏறச் சொன்னார். முகம் கழுவக்கூட இல்லை. நீ மாடி விளிம்பில் நின்றாய். எல்லோரும் கேட்கும்படி எடுத்தாய்:

"காரு ஏறிப் போறவளே, காலு ரெண்டும் சிமெண்டு வெள்ளை,
யாரு கேட்டா ஊரு பேரு, எந்தப் பேரைச் சொல்லுவியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்தது. கார்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வாரமே சுப்பையா, மாதம்மா என்றால் போஸ்டரில் எடுபடாது என்று மோகனப்ரியா ஆக்கிவிட்டார். பக்திப் பாட்டுக்காரர்கள் கொள்ளேகால் மோகனா என்றார்கள். சினிமாவில் பெயரே இல்லை. ஊதுபத்தி விளம்பரத்துக்குப் பாடினபோதும் இல்லை. இப்போது என்னோடு சேர்ந்து ராப் பாடுகிற காலேஜ் பையன்கள் வெறும் அக்கா என்கிறார்கள். நீ கேட்ட கேள்வி எனக்குக் கேலியாகவே இருக்கவில்லை, பஞ்சு.

ஒன்று சொல்கிறேன். ஸ்டூடியோவில் எல்லோரும் என்னைக் கேட்பார்கள், "மேடம், ரெண்டாவது வரிக்கப்புறம் ஏன் இவ்வளவு இடம் விடறீங்க?" என்று. நான் கட்டின பாட்டு எதிலும் அந்த இடம் இருக்கும். கேட்டுப் பார். பக்தியிலும் இருக்கும், ஓட்டுப் பாட்டிலும் இருக்கும், ராப்பிலும் இருக்கும். மூச்சு வாங்க என்று சொல்லிவிடுவேன். மூச்சுக்கு இல்லை. ஒரு சட்டி கை மாறுகிற நேரம் அது. இடது தொடையில் தட்டிக்கொண்டுதான் இன்னும் பாட்டுக் கட்டுகிறேன். இரண்டு வரி போட்டுவிட்டால் கை தானாக நின்று, சட்டி போகட்டும் என்று காத்திருக்கிறது. அப்புறம்தான் மூன்றாவது வரி வருகிறது.

தசரா சமயத்தில் மைசூரில் ஒரு பெரிய மேடை கொடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில். முழுக்க என் பாட்டுகள் மட்டும், முதல் ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து ராப் வரைக்கும். ஒத்துக்கொண்டேன்.

அன்புடன்,
மோகனப்ரியா
(கை பழகிவிட்டது. திட்டாதே.)


கேசரே
10 ஆகஸ்டு 2025

மாதம்மாவுக்கு,

உன் கடிதத்தை மனிஷாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் செல்லில் உன் பாட்டாகத் தேடித் தேடிப் போட்டாள். நான் கையில் ஒரு காலிச் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வரி முடிந்ததும் சட்டியை நீட்டுவேன், எங்கள் வீட்டுக்காரர் வாங்குவார், அதற்குள் மூன்றாவது வரி சரியாக வந்து விழுகிறது. ஊதுபத்தி விளம்பரம்கூட! மனிஷா கைக்குழந்தையாக இருந்தபோது அந்த விளம்பரம் டி.வி.யில் வந்தால்தான் அழுகையை நிறுத்துவாள். அதற்குள்ளேயும் நம் சாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறாயே, அடி பாவி.

முனிராஜ் (பெயரைச் சொல்லிவிட்டேன், நீ போய் மாட்டிவிடாதே) கம்பி கட்டுகிற மனுஷன். எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார். அவரே, "ஊரெல்லாம் இந்தப் பாட்டைக் கேட்டுச்சு. அதுக்குள்ள ஒரு சட்டி போறது யாருக்குமே தெரியலியே!" என்று வெகு நேரம் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இத்தனை வருஷம் உன் பாட்டைத் தூர நின்று அண்ணாந்து பார்த்தேன், கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி. இப்போது அதற்குள் என் கை இருக்கிறது என்கிறாய். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. நல்ல விதத்தில்தான்.

இன்னொன்று கேள். எங்கள் சைட்டில் வடக்கிலிருந்து வந்த பையன்கள் மிக்சர் மிஷின் ஓட்டுகிறார்கள். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அவர்கள் செல்லில் உன் ராப் பாட்டு ஓடுகிறது. நீ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையை இப்படி இப்படி வெட்டுவாயே, அதே மாதிரி வெட்டிக்கொண்டு சிமெண்டு மூட்டையைப் பிரிக்கிறார்கள். அம்பது வயதுக்காரி கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் ஆபரேஷன் ஆனவள் மாதிரி இருக்கும் என்று நான் நினைத்தேன். உனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கௌரம்மா அவர்களிடம் போய், "ஏ, இவளு நம்ம மாதம்மா கணோ" என்றாள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, கௌரம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். இரண்டு நாளாக அவள் தரையில் நடக்கவில்லை.

தசரா மேடைக்கு என் செட்டு முழுக்க வருகிறது. வழக்கம்போல் கடைசியில் நிற்போம்.

ஒரு சின்னக் குறை. டாக்டர் பேசலாம் என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று மனோஜ் சொன்னான். நான் மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் அவன்தான் எடுத்தான். மூன்றாவது தடவை பக்கத்தில் நீ மூச்சு விடுவது கேட்டது. எனக்கும் காது இருக்கிறதடி.

பஞ்சவர்ணம்


பெங்களூரு
30 ஆகஸ்டு 2025

பஞ்சுவுக்கு,

பக்கத்தில்தான் இருந்தேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் குரலை நீ கேட்கக் கூடாது என்றுதான் பேசவில்லை.

அது திரும்பி வரவில்லை. கட்டியை எடுத்துவிட்டார்கள், புண் ஆறிவிட்டது, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் மேலே போகிற வழி அடைத்துவிட்டது. பாட வாயைத் திறந்தால் கீழே எங்கிருந்தோ கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது. பயிற்சி கொடுக்கிற அம்மா, இது இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்கிறார். எதைப் பழகுவது? ஒரு நாள் பூட்டின அறையில் என் பாட்டையே பாடிப் பார்த்தேன். வெளியே மனோஜ் டி.வி. சத்தத்தை ஏற்றி வைத்தான். நான் பாடுவது எனக்கே கேட்கக் கூடாது என்று நினைத்தான் பாவம்.

மேடையை விட முடியாது. விளம்பரம் எல்லாம் போட்டுவிட்டார்கள். ஒரு வழி சொல்கிறார்கள். பழைய ரெக்கார்டுகளை ஓட விடுவது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தால் போதும். இந்தக் காலத்தில் நிறையப் பேர் செய்வதுதான், யாருக்கும் தெரியாது என்கிறார்கள். சரி என்றுவிட்டேன்.

யாருக்கும் தெரியாது, உனக்குத் தெரிந்துவிடும். கரண்டு போன அன்றைக்கு என் குரலைப் பிரித்துக் கண்டுபிடித்தவள் நீ. ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கச்சேரிக்கு மட்டும் வராதே.

மோகனப்ரியா


கேசரே
8 செப்டம்பர் 2025

மாதம்மா,

உன் கடிதத்தை மூன்று நாள் இடுப்பிலேயே வைத்திருந்தேன். கேலியாக எழுதலாம் என்று இரண்டு தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். எனக்குக் கேலி வராமல் போவது உனக்குக் குரல் வராமல் போவது மாதிரிதான் போலிருக்கிறது.

ஒரு நாள் எனக்கு மணிக்கட்டு வீங்கியிருந்ததே, ஞாபகம் இருக்கா? மேஸ்திரி பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நான் ஒன்றும் சொல்லாமல் மேல்கையிலேயே நின்றேன். நீ சட்டியை ஏற்றினாய். நான் பிடிக்கிற மாதிரிக் கையை ஆட்டினேன். பிடிக்கவில்லை. சட்டி உன் தோளில் விழுந்தது. அந்தத் தழும்பை ஜாக்கெட்டில் மறைத்துக்கொண்டுதான் இத்தனை மேடையில் பாடினாய். அன்றைக்கு ரத்தத்தோடு என்னைத் திட்டினாய். "வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லு புள்ள, எடம் மாத்திக்கலாம். கையை மட்டும் ஆட்டாத!"

நீ சொன்னதையே உனக்குத் திருப்பித் தருகிறேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. பாட்டைப் பற்றி நான் உனக்கு என்ன சொல்ல முடியும்?

நான் வருவேன். இந்தத் தடவை கடைசியில் நிற்கப் போவதில்லை. மத்தியானமே போய் முன்வரிசையில் உட்காருவேன். சிமெண்டுக் காலைக் கழுவ மாட்டேன். நீ என்ன செய்தாலும் கைதட்டுவேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பஞ்சவர்ணம்


கேசரே
28 செப்டம்பர் 2025

அடி மாதம்மா,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நேற்று சாயங்காலம்தான் போட்டாய். அதைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது. எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

நாங்கள் பன்னிரண்டு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பாஸ் இருக்கா என்று கேட்ட பையனிடம் கௌரம்மா, "நாவு அவள மனேயவரு" என்று சொல்லி அவனை நகர்த்திவிட்டாள். உன் வீட்டார் என்று நான் இத்தனை வருஷம் சொல்லக் கூசினதை அவள் ஒரு நொடியில் சொல்லிவிட்டாள்.

நீ வந்தாய். பச்சைச் சேலை. முதல் பாட்டு ஓடியது, பழைய குரல், தண்ணீர் மாதிரி. நீ வாயை அசைத்தாய். சனம் கத்தியது. நானும் சொன்னபடி கைதட்டினேன். பக்கத்தில் கௌரம்மா, "எஷ்டு சென்னாகி ஹாடுதாளே" என்று நீ பாடுகிற அழகைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். நான் உன் தொண்டையைப் பார்த்தேன். அசையவில்லை. உன் இடது கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வரி முடிந்தது. அந்த இடம் வந்தது, ஒரு சட்டி போகிற இடம். அப்போது நீ கீழே பார்த்தாய். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேராக என் காலைப் பார்த்தாய். மூன்றாவது வரி ரெக்கார்டில் வந்துவிட்டது, உன் வாய் அசையவில்லை. நீ திரும்பி, ரெக்கார்டு ஓட்டுகிற பையனுக்குக் கை காட்டினாய். அவனுக்குப் புரியவில்லை. நீயே போய் ஒயரைப் பிடுங்கினாய் என்றுதான் நினைக்கிறேன், டப்பென்று ஒரு சத்தம், எல்லாம் நின்றுபோயிற்று.

"மன்னிச்சுக்குங்க. எம் பழைய குரல் இப்ப எங்கிட்ட இல்ல. இதுதான் இருக்கு" என்றாய். முன்னால் இருந்தவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். நானும்தான். உன் புதுக் குரலை அப்போதுதான் முதல் தடவை கேட்கிறேன். சல்லடையில் மணல் சலிக்கிற சத்தம்.

"முப்பது வருஷம் முந்தி ஒருத்தி மாடியிலிருந்து ஒரு வரி கேட்டா" என்றாய். அந்த மணல் குரலில் என் வரியை எடுத்தாய். நான் கேலிக்குக் கத்தின வரி. அது இவ்வளவு பெரிய வரி என்று எனக்குத் தெரியாது, மாதம்மா. பாடி முடித்து நிறுத்தினாய். ஒரு சட்டி நேரம். என் இரண்டு கையும் தானாக மடியிலிருந்து எழும்பிவிட்டன, எதையோ வாங்குகிற மாதிரி. அப்புறம் நீ,

"காலு வெள்ளை போகலடி, கழுவிக் கழுவிப் பார்த்துட்டேன்,
கேட்டவங்க கிட்டயெல்லாம் உன் கீழ்க்கைன்னு சொல்லிட்டேன்!"

சனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்குக் கைதட்டினார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர் மட்டும் கூச்சல் போட்டோம், சிரித்தோம், அழுதோம், எனக்கு எது எதென்று தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ உட்காரச் சொல்லித் திட்டினார்கள். அதற்கப்புறம் நீ பாடினதெல்லாம் அந்தக் குரலில்தான். பக்திப் பாட்டு மலையடிவாரத்தில் நின்று யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ராப் பாட்டுக்கு அந்தக் குரல் முன்னதைவிடப் பொருத்தம், கூடப் பாடின காலேஜ் பையன்களே சொன்னார்கள். கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். போகட்டும். மிச்சம் இருந்தவர்கள் அசையவில்லை. நான் உன்னைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி இருப்பதையெல்லாம் இழந்துவிட்டு, இழந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க முடியுமா? முடிகிறதே. என் கூடச் சட்டி தூக்கினவள்!

உன் பழைய குரல் தண்ணீர், இது மணல். தண்ணீரை மட்டும் வைத்து எவளாவது வீடு கட்டியிருக்கிறாளா?

சரி. கொஞ்சியது போதும், நியாயத்துக்கு வா. முடிந்ததும் நீ ஆள் அனுப்பித் தேடினாயாம், அதற்குள் நான் கிளம்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வந்து உன்னைப் பார்த்திருந்தால் கட்டிப் பிடித்து அழுதிருப்பேன், அப்புறம் இதைக் கேட்க முடியாமல் போயிருக்கும். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் எங்களுக்குள் வழக்கு. உன் எசப்பாட்டு செல்லும் என்கிறது பாதி செட்டு. கௌரம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. சட்டி கடந்து முப்பது வருஷம் ஆயிற்று, பதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தோற்றது தோற்றதுதான் என்கிறாள். நானும் அவள் பக்கம்.

ஆயுத பூஜை முடிந்து, மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்த பிறகு, அக்டோபர் 8 புதன்கிழமை போகாதியில் முன்பு போட்ட வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கூரை போடுகிறோம். டீத்தூக்கு உன் கையில். பட்டு கட்டிக்கொண்டு வராதே, தெறிக்கும்.

உன் மேல்கை,
பஞ்சவர்ணம்


பெங்களூரு
4 அக்டோபர் 2025

பஞ்சு,

கௌரம்மா சொன்னதுதான் சட்டம். தோற்றுவிட்டேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். காரில் இல்லை. கேசரேயில் இறங்கி நேராக உன் வீட்டுக்குத்தான் வருவேன், அங்கிருந்து சேர்ந்து போகலாம். வழி தெரியாது, நிறுத்தத்தில் வந்து நில். உன் பழைய சேலை ஒன்று எடுத்து வை. தூக்கை நன்றாகக் கழுவி வை.

இரண்டு சட்டியாவது தூக்காமல் டீ ஊற்ற மாட்டேன். நீ மேலே நில்.

மாதம்மா